ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ்: இது புதிதாக வந்த ஹெர்பீஸா?

கேள்வி, 1 மார்ச் 2024, இரவு 10.40

அக்கா, எனக்கு வயது 29. தை கடைசியில் கல்யாணம் ஆனது. பிப்ரவரி 23ஆம் தேதி அந்த இடத்தில் எரிச்சல், மறுநாள் கொத்தாகச் சின்னச் சின்னக் கொப்புளம். காய்ச்சல் அடித்தது, தொடை இடுக்கில் நெறி கட்டியது. 28ஆம் தேதி நானாகவே ஒரு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். எச்எஸ்வி (ஹெர்பீஸ் வைரஸ்) டைப் 1, 2 சேர்த்து ஐஜிஎம் 1.3 பாசிட்டிவ். ஐஜிஜி 0.4 நெகட்டிவ். எனக்கு இதற்கு முன் யாருடனும் பழக்கம் கிடையாது. அப்படியென்றால் அவளுக்கு முன்பே யாரோ இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். இன்னும் எதுவும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்கலாமா?

பதில், 1 மார்ச், இரவு 11.25

கேட்காதீர்கள் தம்பி. அந்தக் காகிதத்தை மடித்து உள்ளே வையுங்கள். நான் 16 வருடமாக லேபில் எலிசா என்ற இந்த ரத்தச் சோதனையை ஓட்டுகிறவள். அந்த 1.3ஐ வைத்து உங்களைப் பற்றியே உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, உங்கள் மனைவியைப் பற்றி எப்படிச் சொல்வது?

கொப்புளம் இன்னும் ஈரமாக இருக்கிறதா? இருந்தால் நாளைக் காலையிலேயே ஸ்கின் டாக்டரிடம் போங்கள். காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால் வாய்ப்பு போய்விடும். கொப்புளத்தின் அடியிலிருந்து ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் ஒற்றி) எடுத்து, வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் பார்க்கச் சொல்லுங்கள். வைரஸ் அங்கேதான் இருக்கிறது. ரத்தத்தில் நாங்கள் தேடுவது வைரஸை இல்லை, உடம்பு அதற்குக் கொடுக்கும் பதிலை, அதாவது ஆன்டிபாடியை. ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் அதன் ரகங்கள். அந்தப் பதில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.

2 மார்ச், காலை 6.10

நேற்று அவசரத்தில் எழுதினேன். ‘ஐஜிஎம் என்றால் புதுத் தொற்று, ஐஜிஜி என்றால் பழைய தொற்று என்றுதானே படித்தோம்’ என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் டிப்ளமோவில் அப்படித்தான் படித்தேன். எல்லா நோய்க்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது, ஹெர்பீஸுக்குச் சுத்தமாக ஒத்துவராது.

லேபில் என்ன நடக்கிறது என்று சொன்னால் புரியும். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 குழி. ஒவ்வொரு குழியின் அடியிலும் வைரஸின் புரதத்தைப் பூசி வைத்திருப்பார்கள். உங்கள் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, நீர்த்து ஊற்றுவோம். அதில் பொருத்தமான ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். கழுவுவோம், அடுத்த திரவம் ஊற்றுவோம், மறுபடி கழுவுவோம். கடைசியில் நிறம் காட்டும் திரவம் விட்டால் ஒட்டியிருக்கிற குழி நீலமாகும். அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நீலம் சட்டென்று மஞ்சளாக மாறும். அந்த மஞ்சள் எவ்வளவு அழுத்தம் என்று மெஷின் படித்து, கட்ஆஃப் என்ற எல்லை அளவால் வகுத்து ஓர் எண் தரும். 1.3 என்பது கண்ணுக்கு வெளிறிய எலுமிச்சைத் தோல் மாதிரி இருக்கும். ஒப்பிடுவதற்காக வைக்கும் நிஜமான பாசிட்டிவ் கன்ட்ரோல் பக்கத்திலேயே மஞ்சள் பொடி கரைத்த மாதிரி நிற்கும். ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் ஒரே தடித்த எழுத்து: பாசிட்டிவ்.

வேறு வைரஸுக்கு வந்த ஐஜிஎம்மும் இந்தக் குழியில் ஒட்டும், சின்ன அம்மை வைரஸுக்கு வந்தது உட்பட. மூட்டுவாதக்காரர்கள் ரத்தத்தில் காணும் ருமட்டாய்டு ஃபாக்டர் இருந்தாலும் மஞ்சள் ஏறும். பத்து வருடப் பழைய ஹெர்பீஸ் மறுபடி கிளம்பும்போதும் ஐஜிஎம் தலைகாட்டும். அது டைப் 1ஆ, டைப் 2ஆ என்று பிரித்துக் காட்டவும் அதற்குத் தெரியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டியில் ஹெர்பீஸுக்கு ஐஜிஎம் பார்க்கவே வேண்டாம் என்று இருக்கிறது. நம் ஊரில் பேக்கேஜோடு பேக்கேஜாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

2 மார்ச், இரவு 9.00

தம்பி போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு. டாக்டர் பார்த்தவுடனே ஹெர்பீஸ்தான் என்று சொல்லிச் சிவப்புப் பெட்டி கொடுத்தாராம். சிபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் ரத்தம் எடுத்தார்களாம். ஸ்வாப் அங்கே இல்லை, சீட்டு எழுதி வாங்கி வெளியே கொடுத்திருக்கிறார்.

சிவப்புப் பெட்டி என்ன என்று கேட்பவர்களுக்கு: தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் பால்வினை நோய் மருந்துகளை அறிகுறிக்கு ஒரு நிறம் என்று பெட்டி போட்டு வைத்திருப்பார்கள். ஹெர்பீஸ் புண்ணுக்கு ஐந்தாம் எண், சிவப்பு. உள்ளே அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று, ஏழு நாளைக்கு 21 மாத்திரை. காசு கிடையாது. கூச்சப்பட்டுத் தனியார் லேபில் ஆயிரக்கணக்கில் அழுகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. போவதற்கு முன் பேச வேண்டும் என்றால் 1097, கட்டணமில்லை.

எச்ஐவி, சிபிலிஸ் எடுத்தது ரொம்பச் சரி. புண் என்று வந்தால் அந்த இரண்டையும் விடக்கூடாது. சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, ஹெர்பீஸ் வலிக்கும், எரியும். ஆனால் வலியை மட்டும் நம்பி ரத்தம் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

5 மார்ச்

முதல் நாள் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். இரண்டு நாளாக உறுத்துகிறது.

தம்பி ரத்தம் கொடுத்ததே வீண் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். ஐஜிஎம் வீண்தான். ஆனால் ஐஜிஜி 0.4 நெகட்டிவ் இருக்கிறதே, அது வீண் இல்லை. எரிச்சல் தொடங்கி ஐந்தாவது நாள் எடுத்த ரத்தம் அது. அன்றைக்குப் புதுத் தொற்றுக்கு ஐஜிஜி வந்திருக்க நேரம் இல்லை. பழைய தொற்று இருந்திருந்தால் ஐஜிஜி இருந்திருக்க வேண்டும். ஆக, அன்றைய நெகட்டிவ் ஓர் ஆரம்பக் கோடு. பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போது பாசிட்டிவ் ஆனால், ‘பிப்ரவரியில்தான் வந்தது’ என்று சொல்ல முடியும். இரண்டு ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் காலம் தெரியும். ஒற்றை ரத்தத்தில் தெரியாது.

அதனால் தம்பி, அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பிப்ரவரி 23லிருந்து 12 வாரம் என்றால் மே 17. அதற்குப் பிறகு எடுங்கள். அப்போது ‘1, 2 சேர்த்து’ என்று இல்லாமல் டைப் பிரித்துப் பார்க்கும் ஐஜிஜி கேளுங்கள். கிளைகோபுரோட்டீன் ஜி என்று ஒன்று, இரண்டு டைப்புக்கும் வேறுபடும் புரதம். அதைப் பூசிய கிட்தான் பிரித்துக் காட்டும்.

8 மார்ச்

ஸ்வாப் வந்துவிட்டது. டைப் 1 பாசிட்டிவ், டைப் 2 இல்லை.

டைப் 1 என்றால் உதட்டில் வரும் ரகம். காய்ச்சல் வந்து விட்டதும் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளிக்குமே, எங்கள் பக்கம் ‘பூச்சி மூத்திரம் பட்டுவிட்டது’ என்று தேங்காய் எண்ணெய் தடவி விடுவார்கள், அது. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 கணக்கில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 370 கோடிப் பேருக்கு, அதாவது 67 விழுக்காட்டினருக்கு, டைப் 1 இருந்தது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், யாரோ பாசமாகக் கொடுத்த முத்தத்தில் வந்தது. வாயில் இருப்பது வாய் படும் இடத்துக்குப் போகும். உதட்டில் அன்றைக்குப் புண் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

தம்பி, உங்கள் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்து உதட்டில் வருமா என்று கேட்டுப் பாருங்கள். எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பார்த்துக் கேளுங்கள்.

8 மார்ச், சற்று நேரம் கழித்து

‘டைப் 2 வந்திருந்தால் சந்தேகப்படலாம் என்கிறீர்களா?’ என்று ஒருவர். இல்லை. டைப் 2 பெரும்பாலும் பாலுறவில் பரவுவது, 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 49 கோடிப் பேருக்கு இருந்தது என்பது அதே நிறுவனத்தின் 2016 கணக்கு. பலருக்கு அறிகுறியே இல்லாமல் வருடக்கணக்கில் இருக்கும். கணவனுக்கு இன்று கிளம்பியது, அவனிடமே கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிடந்ததாகவும் இருக்கலாம். எந்த டெஸ்டிலும் ‘யாரிடமிருந்து’ என்று ஒரு கட்டம் கிடையாது. நான் தட்டை எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பதில் வராது.

9 மார்ச், இரவு

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

2011. என் முதல் கர்ப்பம், ஒன்பதாவது வாரம். டாக்டர் எழுதிய சீட்டில் டார்ச் பேனல், அதாவது கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் தொற்றுப் பட்டியல், இருந்தது. டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சிஎம்வி, ஹெர்பீஸ் என்று வரிசையாக ஐஜிஎம், ஐஜிஜி. நான் வேலை பார்த்த லேபிலேயே கொடுத்தேன். கூட வேலை பார்த்த பெண்தான் ஓட்டினாள். எச்எஸ்வி ஐஜிஎம் 1.2, பாசிட்டிவ். அவள் அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கணவர் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில். போனில் சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரே கேள்வி: “யார்கிட்ட இருந்து?”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. மூன்று வருடம் எத்தனையோ பேருக்கு அதே ரிப்போர்ட்டை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தவள் நான். அந்த உறை வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்றைக்கு மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன், அது ஃபோலிக் ஆசிட் டப்பா, ஒன்றும் பயந்துவிடாதீர்கள். சாப்பிடலாமா, குழந்தைக்கு இனி என்ன ஆகும் என்றே புரியவில்லை.

அரசு மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவில் வயதான ஒரு பேராசிரியர் இருந்தார். அவரிடம் போனேன். ரிப்போர்ட்டை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “சின்ன வயசுல உதட்டுல வருமாம்மா?” என்றார். வரும். அரைப்பரீட்சை, முழுப்பரீட்சை இரண்டுக்கும் தவறாமல் வரும். அவ்வளவுதான் என்றார். ஐஜிஜியைக் காட்டி, இது உன்னுடைய பழைய விருந்தாளி, ஐஜிஎம்மை மறந்துவிடு என்றார். பிறகு அவரே என் கணவருக்குப் போன் போட்டு ஐந்து நிமிடம் பேசினார்.

குழந்தை நன்றாகப் பிறந்தது. பையன் இப்போது ஏழாம் வகுப்பு. கணவர் அந்தக் கேள்விக்காக எத்தனையோ முறை வருத்தப்பட்டிருக்கிறார். நானும் மன்னித்துவிட்டேன். ஆனால் அந்த மெஷின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முதல் நாள் இரவு ‘கேட்காதீர்கள்’ என்று ஒரே வார்த்தையில் தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

10 மார்ச்

கர்ப்பிணிகள் பலர் தனியாகக் கேட்டிருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹெர்பீஸில் குழந்தைக்கு நிஜமான ஆபத்து, பிரசவத்தை ஒட்டி அம்மாவுக்குப் புதிதாகத் தொற்றும்போது. அப்போது குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு. பழைய தொற்று என்றால் 1 விழுக்காட்டுக்கும் கீழே, ஏனென்றால் அம்மாவின் ஐஜிஜி குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் பிறப்புறுப்பில் எப்போதாவது புண் வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள். ஒன்பதாவது வார ஐஜிஎம் இதில் எங்கேயும் வரவில்லை, பாருங்கள்.

17 மார்ச்

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி. புண் எதுவும் வந்ததே இல்லை. வெளிநாட்டு வேலைக்கு முன் முழு உடல் பரிசோதனை என்று எடுத்ததில் டைப் 2 ஐஜிஜி 1.6 பாசிட்டிவ். ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, முதலில் சாப்பிடுங்கள்.

டைப் பிரிக்கும் கிட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பரவலாக ஓடும் ஹெர்பிசெலக்ட் மாதிரிக் கிட்டில் 0.9க்குக் கீழே நெகட்டிவ், 1.1க்கு மேலே பாசிட்டிவ், நடுவில் இரண்டும் கெட்டான். அந்த 1.1லிருந்து 3 வரை வரும் ‘பாசிட்டிவ்’ பாதிக்கு மேல் பொய்யாகிறது. அமெரிக்க வழிகாட்டியிலேயே, 1.1க்கும் 3க்கும் இடையில் இந்த டெஸ்டின் துல்லியம் 39.8 விழுக்காடு, 3க்கு மேலே 78.6 என்று போட்டிருக்கிறது. உறுதி செய்ய இன்னொரு முறையில் பார்க்க வேண்டும். அதில் உச்சம் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் செய்யும் வெஸ்டர்ன் பிளாட் என்ற ஆன்டிபாடி சோதனை. நமக்குக் கைக்கெட்டும் வழி, 12 வாரம் கழித்து வேறு கம்பெனி கிட் ஓட்டும் லேபில் மறுபடி பார்ப்பது. நிஜமான தொற்று என்றால் எண் பொதுவாக ஏறும். 1.6 அப்படியே நின்றாலோ இறங்கினாலோ டாக்டரிடம் காட்டிப் பேசுங்கள்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த டெஸ்டை எடுக்காதீர்கள் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016இல் சொன்னது, 2023 பிப்ரவரியில் மறுபடியும் சொன்னது. அவர்கள் போட்ட கணக்கு என்னை உலுக்கியது. நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு டைப் 2 இருக்கும் ஓர் ஊரில் 10,000 பேரைச் சோதித்தால் நிஜப் பாசிட்டிவ் 1485, பொய்ப் பாசிட்டிவ் 1445. ஏறக்குறைய ஆளுக்குப் பாதி! 2023 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இந்தப் பொய்ப் பாசிட்டிவைப் பற்றி டாக்டர்களுக்குக் கடிதம் போட்டது.

நான் ஒட்டிக் கொடுத்த உறைகளில் எத்தனை அந்தப் பாதியில் சேரும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

24 மார்ச்

‘ஹெர்பீஸ் என்றால் அக்கிதானே, பாட்டி அக்கி எழுதச் சொல்கிறார்’ என்று ஒரு மாணவர்.

பெயர்க் குழப்பம் தம்பி. அக்கி என்பது ஹெர்பீஸ் ஜோஸ்டர். சின்ன அம்மை வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து வயதான பிறகு ஒரு பக்கமாக, பட்டை போட்ட மாதிரி கிளம்புவது. இது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ். குடும்பம் ஒன்று, ஆள் வேறு. என் தாத்தாவுக்கு விலாவில் அக்கி வந்தபோது மண்பானை செய்யும் வீட்டில் காவி குழைத்து எழுதிவிட்டார்கள். அந்த ஈரக் காவியின் மணமும் அவர் சட்டையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததும் நினைவிருக்கிறது. குளிர்ச்சியாக இருந்தது என்றார். வலி மாதக்கணக்கில் போகவில்லை. காவியோடு நிறுத்தாமல் டாக்டரிடமும் போங்கள். அசைக்ளோவிர் இரண்டுக்குமே கொடுப்பார்கள், சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

தோல் பிரிவுகளில் ஜாங்க் ஸ்மியர் என்று ஒன்று எடுப்பார்கள். கொப்புளத்தின் அடியைச் சுரண்டிக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போட்டுப் பார்ப்பது. பல கருக்கள் சேர்ந்த பெரிய செல் தெரிந்தால் ஹெர்பீஸ் குடும்பம். அக்கியா, சிம்ப்ளெக்ஸா என்று அதில் பிரிக்க முடியாது. ஆனாலும் பிசிஆர் இல்லாத ஊரில், அரை மணியில், ஐஜிஎம்மைவிட அது எவ்வளவோ மேல்.

7 ஏப்ரல்

இரண்டு விஷயம்.

ஒன்று, மார்ச் 5ஆம் தேதி எழுதியதற்கு ஒரு திருத்தம். ‘பழைய தொற்று இருந்திருந்தால் ஐஜிஜி இருந்திருக்க வேண்டும்’ என்று அடித்துச் சொன்னேன். டைப் 1க்கு இந்தக் கிட்கள் அவ்வளவு கூர்மை இல்லை. நிஜமாக டைப் 1 இருப்பவர்களில் பத்துக்கு மூன்று பேரைத் தவற விடுகின்றன. ஆகவே அந்த 0.4 ஆரம்பக் கோடுதான், ஆனால் பென்சில் கோடு. இன்னொன்றும் உண்டு. தொடக்கத்திலேயே அசைக்ளோவிர் சாப்பிட்டவர்களுக்கு ஆன்டிபாடி வருவது தாமதப்படலாம். அதனால் மே 17இல் நெகட்டிவ் வந்தாலும் ‘இல்லை’ என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்வாப் ஏற்கெனவே சொல்லிவிட்டது, அதை ரத்தம் மறுக்க முடியாது.

இரண்டு, தம்பியின் மனைவியே எழுதியிருக்கிறார். அவர் அனுமதியோடு இரண்டு வரி: “ஆறு வயதிலிருந்து எனக்கு உதட்டில் வரும் அக்கா. கல்யாண வேலையில் தூக்கமில்லாமல் தாலி கட்டிய அன்றைக்குக்கூட வந்திருந்தது, பியூட்டிஷியன் லிப்ஸ்டிக் போட்டு மறைத்துவிட்டார். ஆல்பத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும்.”

ஆல்பத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தார்களாம். படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

22 மே

20ஆம் தேதி எடுத்த ரத்தம் வந்துவிட்டது. டைப் 1 ஐஜிஜி 4.7 பாசிட்டிவ். டைப் 2 ஐஜிஜி 0.2 நெகட்டிவ். பென்சில் கோட்டின் மேல் மை போட்ட மாதிரி. ஸ்வாப், பிப்ரவரி ரத்தம், மே ரத்தம் மூன்றும் ஒன்றையே சொல்கின்றன: டைப் 1, அவருக்கு இந்த வருடம்தான் வந்தது. சிபிலிஸ், எச்ஐவி இரண்டும் இல்லை, எச்ஐவி மட்டும் மறுபடி ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டார்.

இனி அடிக்கடி வருமா என்று கேட்கிறார். வைரஸ் இடுப்புப் பக்க நரம்பு முடிச்சில் தங்கிவிடும், போகாது. ஆனால் பிறப்புறுப்பில் டைப் 1 மறுபடி கிளம்புவது டைப் 2ஐவிடக் குறைவு. எரிச்சல் தொடங்கும்போதே மாத்திரை போட்டால் சீக்கிரம் அடங்கும், டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மறுபடி மறுபடி ரத்தம் எடுக்க வேண்டாம் தம்பி. அந்த ஐஜிஜி வாழ்நாள் முழுக்க இருக்கும். எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பதில் ஒன்றும் இல்லை.

2 ஜூன்

ஈரோட்டுச் சகோதரி மறுபடி எடுப்பதற்குள் விசா வந்து கிளம்பிவிட்டார். அங்கே போய் எடுப்பதாகச் சொன்னார். சாப்பிடுகிறாராம்.

நேற்று எங்கள் லேபுக்கு டார்ச் எழுதிய சீட்டு மூன்று வந்தது. மூன்று டாக்டருக்கும் போன் போட்டேன், ஹெர்பீஸ் ஐஜிஎம்மை விட்டுவிடலாமா என்று. முதல் டாக்டர் “சரிம்மா, அதை அடிச்சிடுங்க” என்றார். இரண்டாமவர் பேக்கேஜ் அப்படியே ஓடட்டும் என்றார், ஓட்டினேன், நல்ல வேளை குழி வெள்ளையாகவே இருந்தது. மூன்றாமவர் போனை எடுக்கவில்லை. அந்தச் சீரத்தை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை மறுபடி கூப்பிடுவேன்.